கூகையும் நற்காட்சியும்



மாலை விளக்கேற்றும் வேளையில் வீட்டுக் கொல்லையிலுள்ள புளியமரத்தில் ஓர் ஆந்தை வந்தமர்ந்து குரல் கொடுக்கிறது எனக் கொள்வோம். நம் இல்லங்களில் அப்போது என்ன நிகழ்கிறது? முதியோர் முகம் வாடுகிறது. "யாருக்கு என்ன வரப்போகிறதோ" என்று ஒருவர் முணுமுணுக்கிறார். "அதை விரட்டு" என்று மற்றொருவர் கூற, சிறுவன் கையில் கல்லை எடுக்கிறான். அச்சிறுவன் அன்று காலையில்தான் ஜினாலயத்தில் கொல்லாமை பற்றிப் பாடங்கேட்டு வந்தவனாகவும் இருக்கலாம். எறும்பு மிதிபடாமல் நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும் கற்றுக் கொடுத்த அதே இல்லம், மனமும் ஐம்பொறியும் உடைய ஓர் உயிரின்மீது கல்லெறியவும் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

இம்முரண்பாடே இக்கட்டுரை எழுதக் காரணமாயிற்று. ஆந்தையைப் பற்றி நம் முன்னோரும் பிற நாட்டாரும் கருதியவை எவை, அக்கருத்துகளால் அப்பறவைக்கு நேர்ந்தது என்ன, நம் அறநூல்கள் காட்டும் பார்வை யாது என்பவற்றை முறையே காண்போம்.

தமிழ் நூல்களில் கூகை

ஆந்தை, கூகை, குடிஞை, கோட்டான் எனத் தமிழில் இவ்வினத்திற்குப் பெயர்கள் பல உள. தொல்காப்பிய மரபியல், அளகு என்னும் பெண்பாற் பெயர் கோழிக்கும் கூகைக்கும் மட்டுமே உரியது என வரையறுக்கிறது. வீட்டு முற்றத்தில் மேயும் கோழியோடு ஒருங்கு வைத்து எண்ணும் அளவிற்குக் கூகை அன்றைய தமிழர்க்கு அறிமுகமான பறவையாய் இருந்தது.

நற்றிணைப் பாடலொன்றில் தோழி கூகையை விளித்துப் பேசுகிறாள். ஊர் வாயிலில் நிற்கும் கடவுள் முதுமரத்தில் தங்கி ஊராரோடு பழகிய பறவை அது. அதற்கு விருப்பமான உணவு தருவதாகக் கூறி, தலைவனின் வரவை எதிர்பார்த்து உறங்காதிருக்கும் நேரத்தில் அச்சந்தரும் கடுங்குரலை எழுப்பாதிருக்குமாறு அவள் வேண்டுகிறாள். குரல் அச்சந்தருவதே, ஆயினும் அவள் அதனைக் கல்லால் விரட்டவில்லை. அண்டை வீட்டாரிடம் பேசுவது போல் பேசி இரக்கிறாள்.

புறநானூற்றில் வேறொரு கூகை உண்டு. அது சுடுகாட்டு முதுமரப் பொந்திலிருந்து குரல் கொடுப்பது. கூகைக்கோழி என்னும் தொடரை ஆண்டதால் கூகைக்கோழியார் என்றே பெயர் பெற்ற புலவர், அப்பறவை ஒலிக்கும் பெருங்காட்டைச் சென்றடைந்தபின் கொடுத்தலும் துய்த்தலும் அரிது, ஆதலின் வாழும்போதே கொடுத்து வாழ்க என்று அறிவுறுத்துகிறார். இங்குக் கூகை சாவைக் கொண்டு வருவதன்று, நிலையாமையை நினைவூட்டுவது.

திருக்குறளில் கூகை வலிமைக்கு எடுத்துக்காட்டாகிறது. பகற்பொழுதில் காக்கை தன்னினும் வலிய கூகையை வென்றுவிடும். அதுபோல் பகையை வெல்லக் கருதும் வேந்தர்க்குத் தக்க காலம் வேண்டும் என்பது காலமறிதல் அதிகாரத்தின் முதற்குறட் கருத்து. பகலில் வெளிப்பட்ட ஆந்தையைக் காக்கைகள் கூடித் துரத்துவதை இன்றும் நாம் காணலாம்.

பிற்காலத்தே பலன் கூறும் வழக்கம் பெருகிற்று. ஆந்தை எத்தனை முறை அலறிற்று என எண்ணிப் பலன் கூறும் செய்யுள் ஒன்று நாட்டில் வழங்குகிறது. ஒருமுறை அலறினால் சாவு என்னும் அதே செய்யுள், இருமுறை அலறினால் எண்ணிய காரியம் கைகூடும் என்றும் கூறுகிறது. ஆயினும் மக்கள் மனத்தில் நின்றது முதற்பலனே. இரண்டாம் பலனை நினைத்து ஆந்தையை வரவேற்றவரை நாம் கண்டதில்லை.

வடமொழிக் கதைகளில் உலூகம்

காகத்திற்கும் கூகைக்கும் உள்ள பகை பாரதநாட்டுக் கதைகளில் பெருவழக்கு. பஞ்சதந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுவதும் இப்பகையைப் பற்றியதே. பௌத்த ஜாதகக் கதையொன்றில் பறவைகள் கூடிக் கூகையை அரசனாக்க முற்படுகையில், மகிழ்ச்சியான நேரத்திலேயே இதன் முகம் இவ்வாறு இருக்குமாயின் சினங்கொண்டால் எப்படி இருக்கும் என்று காகம் தடுத்துவிடுகிறது. முகத்தைக் கொண்டு குணத்தை அளந்த கதை இது.

மகாபாரதத்துச் சௌப்திக பருவத்தில், ஆலமரத்தில் உறங்கிய காக்கைகளை இரவில் வந்த ஒரு கூகை கொன்று குவிப்பதை அசுவத்தாமன் காண்கிறான். கண்டு, உறங்கும் பகைவரைக் கொல்லும் வழியைக் கற்றுக்கொள்கிறான். கூகை தன் இயல்பில் செய்ததை மனிதன் தன் வஞ்சத்திற்குப் பாடமாக்கிக் கொண்டான். குற்றம் யாருடையது என்பதைச் சிந்திக்க வேண்டும்.

இதே நாட்டில் ஆந்தைக்குப் பெருமையும் உண்டு. வைசேடிகத்தை நிறுவிய கணாதர்க்கு உலூகர் என்றும் ஒரு பெயர். அவருடைய கொள்கை ஔலூக்ய தரிசனம் எனப்படுகிறது. வங்காளத்தில் ஆந்தை இலக்குமியின் ஊர்தி. அதன் வரவு செல்வத்தின் வரவு. ஆனால் இந்தியில் உல்லூ என்னும் ஆந்தைப் பெயர் அறிவிலியைக் குறிக்கும் வசைச்சொல். ஒரே பறவை தத்துவ ஞானிக்குப் பெயராகவும், திருமகளின் ஊர்தியாகவும், மூடனைச் சுட்டும் வசையாகவும் நிற்கிறது.

பிற நாடுகளில்

பழங்கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் அறிவுத் தெய்வமாகிய அதீனாவிற்கு ஆந்தையை உரியதாக்கினர். சுமார் 17 கிராம் எடையுள்ள அந்நகரின் வெள்ளிக் காசுகளில் ஒருபுறம் அதீனாவின் தலையும் மறுபுறம் ஆந்தையும் பொறிக்கப்பட்டன. மக்கள் அக்காசுகளை ஆந்தைகள் என்றே அழைத்தனர். 2002-ஆம் ஆண்டில் புழக்கத்திற்கு வந்த கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அப்பழங்காசின் உருவமே உள்ளது. நமக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றுண்டு. ஏதென்ஸ் ஆந்தைக்கும் நம் ஊர்ப் புளியமரப் பொந்தில் வாழும் புள்ளி ஆந்தைக்கும் பறவை நூலார் வழங்கும் பேரினப் பெயர் அத்தீனி என்னும் ஒன்றே. அங்கே காசில் பொறித்துப் போற்றப்பட்டதன் நெருங்கிய உறவினமே இங்கே கல்லடி படுகிறது.

உரோமரும் இவ்வறிவுத் தெய்வத்தை மினர்வா என்னும் பெயரில் வழிபட்டனர். ஆயினும் அவர்கள் பேராந்தையின் குரலுக்கு அஞ்சினர். கி.பி. முதல் நூற்றாண்டினரான பிளினி, இப்பறவை சாவுக்குரிய தீக்குறி எனக் கருதப்பட்டதையும், கோயிலுக்குள் ஒன்று புகுந்தபோது நகர் முழுவதற்கும் தூய்மைச் சடங்கு செய்யப்பட்டதையும் எழுதியுள்ளார். எனினும் தீக்குறி எனப்பட்ட இப்பறவை தனியார் வீடுகளின்மேல் அமர்ந்தும் தீங்கொன்றும் நேராததைத் தாம் அறிந்திருப்பதாகவும் அவரே குறிப்பிட்டிருக்கிறார்.

சீனத்தில் அன்யாங் என்னுமிடத்தில் 1976-ஆம் ஆண்டு அகழப்பெற்ற ஃபூ ஹாவ் அரசியின் கல்லறையில் ஆந்தை வடிவில் வார்த்த வெண்கல மதுக்கலங்கள் இரண்டு கிடைத்தன. அவை ஏறத்தாழ 3200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அரசியின் சடங்குக் கலத்திற்கு உருவந்தந்த பறவை, பிற்காலச் சீனத்தில் தாயைத் தின்னும் நன்றிகெட்ட பறவை என இழிக்கப்பட்டது. நாடு ஒன்றே, பறவையும் ஒன்றே, காலம் மாறக் கருத்து தலைகீழாயிற்று.

பழைய எகிப்தியர்க்கோ ஆந்தை ஓர் எழுத்து. அவர்களுடைய பட எழுத்தில் ஆந்தையின் உருவம் மகர ஒலியைக் குறித்தது. சப்பானியர் ஆந்தையின் பெயராகிய ஃபுகுரோ என்னும் சொல்லைத் துன்பமின்மை எனப் பொருள்படுமாறு பிரித்து, ஆந்தைப் பொம்மைகளை நற்பேற்றின் சின்னமாக வைத்துக்கொள்கின்றனர்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அறிவு, மூடம், செல்வம், சாவு, தாய்க்கொலை, நற்பேறு என இத்தனை பொருள்களும் ஆந்தையிடத்தில் இருந்தவையல்ல. இருந்திருப்பின் எல்லா நாட்டாரும் ஒன்றையே கண்டிருப்பர். குறி காண்பவரின் மனத்தில் இருக்கிறது. மரத்தில் இருப்பது ஓர் உயிர்.

இகழ்ச்சியும் கொல்லும், புகழ்ச்சியும் கொல்லும்

தீக்குறி என்றால் அடிப்பார்கள். நற்குறி என்றால் காப்பார்கள் என்று நாம் எண்ணக்கூடும். உலக நடப்பு அவ்வாறில்லை.

சப்பானின் வடபுலத்து ஹொக்கைடோ தீவில் வாழும் ஐனு மக்கள், மீன் பிடித்துண்ணும் பெரிய ஆந்தையை ஊரைக் காக்கும் தெய்வமாகப் போற்றினர். போற்றிய அவர்களே அதனை வளர்த்து, தெய்வ உலகிற்கு வழியனுப்புதல் என்னும் சடங்கில் உயிர்நீக்கவும் செய்தனர்.

நம் நாட்டு நிலையும் மேலானதன்று. திருமகளின் ஊர்தியைத் தீபாவளி இரவில் பலியிட்டால் செல்வம் வீட்டை விட்டு நீங்காது என்று மந்திரவாதிகள் சிலர் கூறுவதை நம்பி, வடமாநிலங்கள் சிலவற்றில் அந்நாளை ஒட்டி ஆந்தைகள் பிடிக்கப்படுகின்றன. வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் இந்தியப் பிரிவு 2010-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவ்வணிகத்தை விரிவாக வெளிப்படுத்தியது. அதை வெளியிட்டபோது, அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஹாரி பாட்டர் கதைகளின் கவர்ச்சியால் நகர்ப்புறக் குடும்பத்தார் சிலர் தம் பிள்ளைகளுக்கு ஆந்தை வாங்கித்தர விரும்புவதையும் சுட்டிக்காட்டினார். இவையனைத்தும், ஆந்தையைப் பிடித்தலையும் கொல்லுதலையும் விற்றலையும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துள்ள நிலையில் நடப்பவை.

தீபாவளி நமக்கு யாது? பகவான் மகாவீரர் வீடுபேறெய்திய நாள். கொல்லாமையே தலையாய அறமென உலகிற்கு உணர்த்திய பெருமான் இருவினை நீங்கிய அதே இரவை ஒட்டி, செல்வத்தின் பெயரால் வாயில்லா உயிர்கள் கழுத்தறுபடுகின்றன. இதனை எங்கோ நடப்பது என்று நாம் தள்ளிவிட முடியவில்லை. அங்கே அரிவாளை எடுக்கச் செய்வதும் இங்கே கல்லை எடுக்கச் செய்வதும் ஒரே மயக்கம். ஓர் உயிரைக் குறியென்று கொண்டு, உயிரென்று காணாமற் போவதே அம்மயக்கம்.

அச்சத்தின் காரணம் யாது?

அச்சத்தைப் போக்கச் சிறந்த வழி அறிவு. ஆந்தையின் கண்கள் மற்றப் பறவைகளுக்கு இருப்பதுபோல் பக்கவாட்டில் இல்லாமல், மனிதர்க்கு இருப்பதுபோல் முன்னோக்கி இருக்கின்றன. அக்கண்கள் குழிக்குள் அசையா. ஆகவே அது தலையையே திருப்பிப் பார்க்கிறது. மனிதர்க்குக் கழுத்தெலும்புகள் 7, ஆந்தைக்கு 14. அதனால் ஏறத்தாழ 270 பாகை அளவு தலையைத் திருப்ப இயலுகிறது. இறகின் விளிம்பு மென்மையான குஞ்சம்போல் அமைந்திருப்பதால் பறக்கும் ஒலி கேட்பதில்லை. வெண்கூகையின் இரு செவித்துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று மேலும் மற்றொன்று சற்றுக் கீழும் அமைந்துள்ளன. ஒலி இருசெவியையும் அடையும் சிறு வேறுபாட்டைக் கொண்டு, முழு இருளிலும் எலி இருக்குமிடத்தை அது அறிந்துவிடுகிறது. பகலில் அதற்குக் கண் தெரியாது என்பதும் உண்மையன்று. பகலிலும் ஆந்தை நன்கு காணும்.

மனிதனைப் போன்ற முகம், ஓசையற்ற வருகை, இருளில் எழும் குரல், பாழ்மண்டபத்திலும் இடுகாட்டு மரப்பொந்திலும் குடியிருப்பு ஆகிய இவையே அச்சத்தின் வேர்கள். ஆளரவமற்ற இடத்தில் பழைய மரம் வெட்டுப்படாமல் நிற்கும், பொந்து கிடைக்கும், ஆந்தை அங்கே தங்கும். இதில் மறைபொருள் ஏதுமில்லை.

சாவு நேர்ந்த வீட்டில் ஆந்தை அலறியதை நாங்களே கேட்டோம் என்று கூறுவோர் உண்டு. அவர்கள் பொய்யுரைப்பதாக நாம் கூறவில்லை. நோயுற்றவர் கிடக்கும் வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரிகிறது. விளக்கொளியை நாடிப் பூச்சிகள் வருகின்றன. பூச்சிகளை நாடிப் புள்ளி ஆந்தை வருதல் இயல்பு. வீட்டார் உறங்காமல் விழித்திருக்கின்றனர். ஆகவே மற்ற இரவுகளில் கேளாத குரல் அன்று கேட்கிறது. துன்பம் நேர்ந்த இரவின் குரல் நினைவில் நிற்கிறது. ஒன்றும் நேராத நூறு இரவுகளின் குரல் மறந்துபோகிறது.

நம் நூல்கள் காட்டும் வழி

நற்காட்சியுடையார் நீக்க வேண்டிய மும்மூடங்களை, ஆசாரிய சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகமும் அதன்வழி வந்த தமிழ்நூலாகிய அருங்கலச்செப்பும் விளக்குகின்றன. அவை உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்பன. ஆந்தைச் சகுனம் அங்குப் பெயரிட்டுச் சொல்லப்படவில்லை. ஆயினும் உலகத்தார் செய்கின்றனர் என்னும் ஒன்றையே கொண்டு, காரணமல்லாததைக் காரணமெனக் கொள்வதே உலக மூடத்தின் இயல்பாதலால், இதுவும் அவ்வினத்தைச் சார்ந்ததே.

உயிர்கள் இறப்பது ஆயுவினை தீர்வதாலேயே என்று ஜினவரர் கூறியதைக் குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் எடுத்துரைக்கிறார். ஆயுவினை தீராதவரை ஆயிரம் ஆந்தை அலறினும் ஓருயிர் போகாது. தீர்ந்தபின் ஆந்தையே இல்லாத ஊரிலும் உயிர் நில்லாது. ஆயின், எவ்வுயிரும் தன் வினையால் சாகிறது, நாம் கல்லெறிந்தால் என்ன என்று ஒருவர் கேட்பாராயின் அது பிழை. கொல்லும் எண்ணமே எண்ணியவனைப் பிணிக்கும் வினையாகிறது. கல் குறிதவறினும் வினை தவறாது.

நிமித்த நூல்களை நம் முன்னோரும் அறிந்திருந்தனரே என்னும் வினாவும் எழலாம். நிமித்தம் என்பது அறிவிப்பது, ஆக்குவதன்று. ஒரு வாதத்திற்காக அதனை ஒப்புக்கொண்டாலும், துயரச்செய்தி கொணர்ந்தார் என்று தபால்காரரை யாரேனும் அடிப்பதுண்டோ?

நம் நூல்களிலேயே ஆந்தை இருவகையில் வருவதையும் மறைக்காமல் கூறவேண்டும். ஆசாரிய ஹேமசந்திரர் 12-ஆம் நூற்றாண்டில் இயற்றிய யோகசாத்திரம், இரவில் உண்பவர் கூகை, காகம், பூனை முதலிய பிறவிகளை அடைவர் என எச்சரிக்கிறது. இது மனிதர்க்குரிய எச்சரிக்கை. இரவுண்ணாமையை மேற்கொள்ள இயன்ற பிறவியைப் பெற்றும் அதனைக் கைவிடுவோரைக் குறித்து எழுந்தது. அவ்வாறு விலங்குகதியில் பிறந்த உயிர் இரக்கத்திற்குரியதேயன்றி வெறுப்பிற்குரியதன்று. நேற்று அது மனிதனாயிருக்கலாம். நாளை நாம் அதுவாகலாம்.

பார்சுவநாத தீர்த்தங்கரரைப் போற்றும் கல்யாணமந்திரத் துதியின் தொடக்கத்தில் வரும் கூகையோ வேறு. பகலொளியைக் காணமாட்டாத கூகைக்குஞ்சு கதிரவனின் வடிவை எங்ஙனம் விளக்கும், அதுபோல் யான் உம்மை எங்ஙனம் பாடுவேன் என்று அக்கவிஞர் உருகுகிறார். பகலில் ஆந்தைக்குக் கண் தெரியும் என்பதை மேலே கண்டோம்; உவமை உலகவழக்கைத் தழுவியது. நாம் கொள்ளவேண்டியது அதன் உள்ளத்தை. இறைவன் திருமுன் நின்ற பெரும்புலவர் தம்மைக் கூகைக்குஞ்சு என்று கூறிக்கொள்ள நாணவில்லை. உலகம் வசையாக்கிய பெயரை அவர் பணிவின் பெயராக்கினார்.

உலகத்தார் இழிவாகக் கருதும் எருமை வாசுபூஜ்ய தீர்த்தங்கரருக்கும், பன்றி விமலநாதருக்கும் இலாஞ்சனைகளாய் அமைந்திருப்பதையும் இங்கு நினைக்கலாம். சமவசரணத்தில் விலங்குகட்கும் பறவைகட்கும் தனியவை உண்டு. அங்கே பிறவிப் பகையுடையனவும் பகை மறந்து அமரும் என்பர். அவ்வவையில், நற்குறியா தீக்குறியா என வினவி எவ்வுயிரையும் வாயிலில் நிறுத்தியதாக எந்நூலும் கூறவில்லை.

நாம் செய்யத்தக்கவை

ஆந்தை எலியைத் தின்று உழவனுக்கு உதவுகிறது. ஆகவே காக்கவேண்டும் என்று இயற்கை ஆர்வலர் கூறுவர். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலும் இஸ்ரேலின் வயல்களிலும் வெண்கூகைக்குக் கூட்டுப்பெட்டிகள் அமைத்துப் பயன்கண்டுள்ளனர். செய்தி உண்மையே. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் நெல் விளைவிக்கும் நம் குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் நன்று. ஆயினும் இது நம் முதற்காரணம் ஆகாது. எலியும் உயிரே. ஓருயிர் மற்றோருயிரைக் கொல்வதால் நமக்குக் கிட்டும் பயனைக் கொண்டு அவ்வுயிரை மதிப்போமாயின், பயன் தீர்ந்த அன்று மதிப்பும் தீர்ந்துவிடும். பயன்படினும் படாவிடினும், நற்குறியாயினும் தீக்குறியாயினும், அது வாழ விரும்பும் உயிர். நமக்கு இஃதொன்றே போதும்.

ஆகவே இல்லத்துப் பெரியோர் ஆந்தைக்குரல் கேட்டவுடன் அச்சமொழி கூறாதிருப்பாராக. சிறுவரின் கல் பெரியோரின் சொல்லிலிருந்தே புறப்படுகிறது. பொந்துள்ள பழமரங்களை இயன்றவரை வெட்டாது விடுவோம். வயலில் எலிநஞ்சு வைத்தலைத் தவிர்ப்போம். அது எலியைக் கொல்வதோடு, நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையையும் வாட்டும். தீபாவளி நாளில் மகாவீரர் வீடுபேற்றை வழிபட்டு இல்லந்திரும்பியதும், அவ்விரவில் பலியாகும் இவ்வுயிர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறுவோம்.

மீண்டும் அம்மாலைப் பொழுதிற்கே வருவோம். விளக்கு ஏற்றப்பட்டுவிட்டது. புளியமரத்தில் குரல் எழுகிறது. சிறுவன் பெரியவரின் முகத்தைப் பார்க்கிறான். அப்போது அவர், "அது அந்த மரத்தில் குடியிருக்கும் ஆந்தை, அதற்கு இப்போதுதான் பொழுது விடிந்திருக்கிறது" என்று அமைதியாகக் கூறுவாராயின், அவ்வில்லத்தில் அன்று ஒரு மூடம் நீங்கிற்று, ஓருயிர் பிழைத்தது.

அறம் வளர்க, எல்லா உயிரும் இன்புறுக.